மெமோ எழுதுவதற்கு முன் அந்த நோட்டைப் படியுங்கள்

கேள்வி: நான் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவின் பொறுப்பாளர். என்னோடு 11 பேர் வேலை செய்கிறார்கள். ஸ்டாக் ரிஜிஸ்டரையும், பொருள் கேட்டு எழுதித் தரும் இண்டென்ட் சீட்டையும் நிறுத்திவிட்டு, பார்கோடு ஸ்கேனரிலும் மென்பொருளிலும் வேலை செய்யும்படி நிர்வாகம் சொல்லி ஐந்து மாதம் ஆகிறது. அரை நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். ஆனால் இன்றும் எல்லோரும் நோட்டில்தான் எழுதுகிறார்கள். ஷிப்ட் முடியும்போது யாராவது ஒருவர் உட்கார்ந்து மொத்தமாக என்ட்ரி போடுகிறார். இருப்புக் கணக்கு ஒத்துப்போவதே இல்லை. 24 வருட அனுபவமுள்ள மூத்த ஸ்டோர் கீப்பர் ஒருவர் இருக்கிறார். எதிர்த்துப் பேசமாட்டார், "பார்க்கலாம் மேடம்" என்பார், அவ்வளவுதான். மற்றவர்கள் அவரைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பையன்கூட அவர் பக்கம். வாராவாரம் மீட்டிங்கில் புது முறையின் நன்மைகளை விளக்கி விளக்கி அலுத்துவிட்டேன். அவருக்கு மெமோ கொடுக்கலாமா, வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லலாமா என்று யோசிக்கிறேன். வீட்டில் என் அப்பாவும் இப்படித்தான். டாக்டர் எச்சரித்த பிறகும் சிகரெட்டை விட மறுக்கிறார். தங்களுக்கு நல்லது என்று தெரிந்தும் மனிதர்கள் ஏன் மாற மறுக்கிறார்கள்? இவர்களை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மெமோ இப்போது வேண்டாம். இடமாற்றமும் வேண்டாம். பிறகு தேவைப்படலாம், அதைக் கடைசியில் பார்ப்போம். அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்த ஐந்து மாதத்தில் யாரும் அதைச் செய்ததாக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. அவர்கள் எழுதும் அந்த நோட்டை வாங்கி, நிதானமாகப் படித்துப் பாருங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் ஆட்கள் ஒரே வேலையை இரண்டு முறை செய்கிறார்கள். ஷிப்ட் முழுக்க நோட்டில், முடிவில் கணினியில். வேலையைத் தட்டிக்கழிக்க நினைப்பவர் யாரும் தன் வேலையை இரண்டாக்கிக்கொள்ள மாட்டார். அப்படி இரட்டை வேலை செய்கிறார்கள் என்றால், ஸ்கிரீனில் எழுத முடியாத ஏதோ ஒன்று நோட்டில் எழுதப்படுகிறது. அது என்ன என்பதுதான் முதல் கேள்வி.

கிடங்கு வேலையில் வழக்கமாக வரும் சிலவற்றைச் சொல்கிறேன்; உங்கள் இடத்தில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். ராத்திரி ஷிப்டில் ஒரு மெஷின் நின்றுவிடுகிறது. உடனே ஒரு பேரிங் வேண்டும். அப்ரூவல் இல்லாமல் மென்பொருள் பொருளை வெளியே விடாது. அப்ரூவல் கொடுக்க வேண்டியவர் வீட்டில் தூங்குகிறார். ஸ்டோர் கீப்பர் என்ன செய்வார்? பேரிங்கைக் கொடுத்து அனுப்பிவிட்டு நோட்டில் குறித்துக்கொள்வார். பத்து கேட்ட இடத்தில் ஆறுதான் இருந்தது, மீதி நாளைக்கு. கேட்ட சைஸ் இல்லை, அதற்குப் பதில் வேறு ஒன்று போனது. எடுத்துப்போனதில் பாதி திரும்பி வந்தது, ஆனால் பிரிக்கப்பட்ட பெட்டியோடு வந்தது. ஒரே பொருளுக்கு மென்பொருளில் ஒரு பெயர், பட்டறையில் மூன்று பெயர். இவற்றுக்கெல்லாம் ஸ்கிரீனில் இடம் இல்லாவிட்டால் நோட்டு போகாது. நீங்கள் பிடுங்கினால் சட்டைப்பையில் ஒரு துண்டுச் சீட்டாக மாறும், அவ்வளவுதான்.

இன்னும் எளிய காரணங்களும் இருக்கலாம். ஸ்கேனர் எத்தனை? கடைசி ரேக் வரை வைஃபை எட்டுகிறதா? எல்லோருக்கும் தனித்தனி லாகின் இருக்கிறதா, அல்லது ஒருவர் வெளியே வந்தால்தான் இன்னொருவர் உள்ளே போக முடியுமா? ஒரு முழு ஷிப்ட் அவர்களோடு நின்று பாருங்கள். கையில் செக்லிஸ்ட் வேண்டாம். ஒரு பொருள் கேட்கப்பட்ட நொடியிலிருந்து அது கணக்கில் ஏறும் நொடிவரை என்னென்ன நடக்கிறது என்று மட்டும் கவனியுங்கள். அமைப்பின் குறை எது, ஆளின் தயக்கம் எது என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அமைப்பின் குறையை ஆளின் மேல் போட்டு மெமோ எழுதிவிட்டால், அதற்கப்புறம் நீங்கள் சொல்லும் நியாயமான வார்த்தையும் எடுபடாது.

சரி, குறைகளையெல்லாம் சரிசெய்த பிறகும் தயக்கம் மிச்சம் இருக்கும். அதைப் பற்றித்தான் நீங்கள் உண்மையில் கேட்கிறீர்கள். இங்கே ஒரு பழைய ஆய்வை விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் நிலைமைக்கு அவ்வளவு நெருக்கமானது அது.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மேரியன் என்ற ஊரில் ஹார்வுட் என்ற நிறுவனத்தின் பைஜாமா தொழிற்சாலை இருந்தது. அங்கே பணியாளர் துறையைப் பார்த்துவந்த லெஸ்டர் கோச்சும், உளவியலாளர் ஜான் ஃப்ரெஞ்சும் சேர்ந்து செய்த ஆய்வு 1948-ல் வெளியானது. அந்தத் தொழிற்சாலையில் அடிக்கடி வேலைமுறை மாறும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றப்பட்டவர்களில் 38 சதவீதம் பேர்தான் மீண்டும் மணிக்கு 60 என்ற வழக்கமான உற்பத்தி அளவைத் தொட்டார்கள். மீதி 62 சதவீதம் பேர் நிரந்தரமாகப் பின்தங்கினார்கள், அல்லது வேலையை விட்டே போனார்கள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கற்றுக்கொண்டதைவிட, அனுபவசாலிகள் புது வேலையைக் கற்றுக்கொள்ள அதிக நாள் எடுத்தார்கள். கைப்பழக்கம் தடுக்கிறதோ என்று பார்த்தால் அப்படியும் இல்லை; பழைய வேலையின் அசைவுகள் முதல் வாரத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. தடுத்தது மனம்.

ஆகவே ஒரு சோதனை செய்தார்கள். மாற்றம் எல்லாக் குழுக்களுக்கும் உண்டு. அது வந்து சேரும் விதம் மட்டும் வேறு. முதல் குழுவுக்கு வழக்கமான முறை: அதிகாரிகள் புது வேலைமுறையை வகுத்தார்கள், மீட்டிங் போட்டார்கள், போட்டி அதிகமாகிவிட்டதால் மாற்றம் அவசியம் என்று விளக்கினார்கள், கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். கவனியுங்கள், இவர்களிடம் யாரும் அதட்டவில்லை, நன்றாகத்தான் விளக்கினார்கள். நீங்கள் வாராவாரம் செய்வது இதைத்தான். அந்தக் குழுவின் உற்பத்தி மேலே ஏறவே இல்லை. மேலாளரோடு உரசல், புகார்கள். முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டுவிட்டார்கள்.

இன்னொரு வகைக் குழுக்களில் எல்லோரையும் உட்காரவைத்தார்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு ஆடைகளைக் காட்டினார்கள். ஒன்று மற்றதைவிட இரு மடங்கு விலைக்கு விற்றது. எது மலிவானது என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. செலவைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்பது அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. அப்புறம், எந்த வேலையை விடலாம், எதை எப்படி மாற்றலாம் என்று அவர்களிடமே கேட்டார்கள். யோசனைகள் கொட்டிய வேகத்தில் குறிப்பெடுப்பவர் திணறினார் என்று அந்த ஆய்விலேயே பதிவு இருக்கிறது. இந்தக் குழுக்கள் சில நாட்களிலேயே பழைய அளவை எட்டி, பிறகு அதைவிடச் சுமார் 14 சதவீதம் மேலே போயின. அந்த 40 நாளில் ஒருவர்கூட வேலையை விடவில்லை.

இதற்கு அடுத்து நடந்ததைத்தான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும். முதல் குழுவில் எஞ்சியிருந்த 13 பேரை, இரண்டரை மாதம் கழித்து மறுபடி ஒன்றுசேர்த்து வேறு வேலைக்கு மாற்றினார்கள். இந்த முறை அவர்களையும் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். சண்டை போட்ட அதே 13 பேர் வேகமாகத் தேறி, முன்பு இருந்த அளவையும் தாண்டினார்கள். ஆட்கள் மாறவில்லை, குணமும் மாறியிருக்க வாய்ப்பில்லை. மாற்றம் வந்த வழி மாறியது.

உங்கள் மூத்த ஸ்டோர் கீப்பரைப் பற்றி எழுதும்போது, எதிர்ப்பு என்பது அவருக்குள் இருக்கும் ஒரு குணம் போல எழுதியிருக்கிறீர்கள். அந்த 13 பேரை மனதில் வைத்துக்கொண்டு அவரை மறுபடி பாருங்கள்.

24 வருடம். எந்த ரேக்கில் எது இருக்கிறது, எந்த மெஷினுக்கு எந்த உதிரிப்பாகம் பொருந்தும், எது வர எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. ஃபோர்மேன்களும் மெக்கானிக்குகளும் அவரைத் தேடி வந்து கேட்டார்கள். அந்த மரியாதை சம்பளச் சீட்டில் வராது. ஆனால் அவர் தினமும் வேலைக்கு வரும் காரணங்களில் அதுவும் ஒன்று. புது முறையில் யார் வேண்டுமானாலும் திரையில் தேடிப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே நாளில் அவரும் புதிதாக வந்த பையனும் ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டார்கள். சொல்லப்போனால் பையன் ஒரு படி மேலே, ஏனென்றால் அவன் விரல்கள் திரையில் வேகமாக ஓடும். இன்னொன்று, முன்பு ஒரு தவறு நடந்தால் அடித்து எழுதிச் சரிசெய்துகொள்வார். இப்போது தவறு அவர் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகிறது, மேலே உள்ளவர்களும் பார்க்கிறார்கள்.

நீங்கள் மீட்டிங்கில் சொல்லும் நன்மைகள் உண்மைதான். ஆனால் அவை பெரும்பாலும் நிறுவனத்துக்கு வரும் நன்மைகள். இழப்பு மட்டும் இவருடையது. உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஏமஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் விளக்கிய ஒரு விஷயம் இங்கே பொருந்தும்: ஒரே அளவு லாபமும் நஷ்டமும் மனதில் ஒரே அளவு எடையோடு இறங்குவதில்லை. நஷ்டம்தான் கனமாக இறங்கும். நீங்கள் நன்மைகளை எவ்வளவு அடுக்கினாலும், அவர் இழப்பதைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாவிட்டால், அவருக்குக் கணக்கு நேராகாது.

தனி ஆளின் இழப்பு மட்டும் இல்லை. பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரமுறை வந்தபோது என்ன ஆனது என்று ஆய்வாளர்கள் எரிக் ட்ரிஸ்டும் கென் பேம்ஃபோர்த்தும் 1951-ல் எழுதினார்கள். முன்பு தாங்களே சேர்ந்துகொண்ட சிறு குழுக்கள் வெட்டுவது முதல் அள்ளுவது வரை முழு வேலையையும் செய்தன. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புது முறையில் வேலை மூன்று ஷிப்டுகளுக்குத் துண்டுபோடப்பட்டது. முந்தைய ஷிப்ட் விட்ட குறை அடுத்த ஷிப்டின் தலையில் விழுந்தது. மனக்கசப்பும் வேலைக்கு வராமல் இருப்பதும் பெருகின. இயந்திரம் நல்லதுதான், அது வந்த விதம் ஆட்களுக்கு நடுவே இருந்த உறவை அறுத்துவிட்டது. உங்கள் பிரிவில் புது முறை யார் யாருக்கு இடையே இருந்த பேச்சை நிறுத்தியிருக்கிறது என்று யோசியுங்கள். "அந்தப் பையன்கூட அவர் பக்கம்" என்று ஆதங்கப்பட்டீர்களே, காரணம் எளிது. அவனுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது அவர்தான். வேகமாக ஸ்கேன் செய்து அவரை மட்டம்தட்டினால் நாளைக்கு அவனுக்கு யார் சொல்லித் தருவார்கள்? அவன் விசுவாசமாக இருக்கிறான். அதை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

இனி, அவரோடு எப்படிப் பேசுவது. மீட்டிங்கில் வேண்டாம். மற்றவர்கள் முன்னால் அவர் "பார்க்கலாம் மேடம்" என்பதைத் தவிர எதுவும் சொல்ல மாட்டார், சொல்லவும் முடியாது. உங்கள் அறைக்குக் கூப்பிடவும் வேண்டாம். கூப்பிட்டாலே அது விசாரணை ஆகிவிடும். அவர் இடத்துக்கு நீங்கள் போங்கள், கூட்டம் குறைவான நேரமாகப் பார்த்து.

"உங்களுக்கு கம்ப்யூட்டர் கஷ்டமா இருக்கும்னு புரியுது சார்" என்று தொடங்கிவிடாதீர்கள். பரிவோடு சொன்னாலும் அவர் காதில் அது "உங்களால் முடியாது" என்றுதான் விழும். இப்படித் தொடங்கிப் பாருங்கள்: "சார், அஞ்சு மாசமா இதோட நல்லதை மட்டும் நான் பேசிட்டிருக்கேன். இதனால உங்க வேலையில எது கெட்டுப்போச்சுன்னு நான் கேட்கவே இல்ல. சொல்லுங்க." அப்புறம் பேசாமல் இருங்கள். அவர் சொல்வதற்கு நடுவே விளக்கம் கொடுக்காதீர்கள், "ஆனா சார்" என்று குறுக்கிடாதீர்கள். எழுதிக்கொள்ளுங்கள். முதல் நாள் அவர் ஒன்றும் சொல்லாமல் போகலாம். இரண்டு நாள் கழித்துப் போகிறபோக்கில் ஒரு குறை சொல்வார். அது சிறியதாக இருந்தாலும் உடனே சரிசெய்யுங்கள். சொன்னால் நடக்கிறது என்று தெரிந்தால்தான் பெரிய குறை வெளியே வரும்.

அடுத்து, அவரால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு வேலையைக் கொடுங்கள். உங்கள் மென்பொருளில் உள்ள பொருள் பட்டியல் அநேகமாகக் குழப்பமாக இருக்கும்: ஒரே பொருள் இரண்டு குறியீட்டில், பட்டறைப் பெயர் இல்லாமல், இனி வராத பொருள்களும் சேர்ந்து. அதைச் சரிசெய்ய இந்தத் தொழிற்சாலையில் அவரைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. ராத்திரி அவசரத்துக்கு என்ன வழி என்பதை வகுப்பதும் அவர் கையில் இருக்கட்டும். மென்பொருள்காரர்கள் வரும்போது அவரைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். இது அவரைச் சமாதானப்படுத்தக் கொடுக்கும் பொம்மை வேலையாக இருக்கக்கூடாது. அவர் சொன்னபடி பட்டியல் உண்மையாகவே மாற வேண்டும்.

பயிற்சியைப் பற்றி ஒன்று. அரை நாள் போதாது. அதைவிட முக்கியம், பலர் முன்னால் தடுமாறிக் கற்பது அனுபவசாலிக்குப் பெரிய அவமானம். ஷிப்டுக்கு முன்போ பின்போ, தப்புப் போட்டாலும் உண்மையான கணக்கைப் பாதிக்காத சோதனைப் பதிப்பில், தனியாகப் பழக அவருக்கு நேரம் கொடுங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளமும் இருக்கட்டும். பையனை அவருக்கு வாத்தியாராக நியமித்துவிடாதீர்கள். இருவரும் சேர்ந்து பொருள் பட்டியலைச் சரிபார்க்கட்டும். ஒருவர் பொருளைச் சொல்வார், ஒருவன் திரையில் தேடுவான். கற்பது தானாக நடக்கும்.

குழுவோடு பேசும்போது ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள். மென்பொருளுக்கு மாறுவது முடிவாகிவிட்டது என்றால் அதை அப்படியே சொல்லிவிடுங்கள். "மாறலாமா வேண்டாமா, உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டுவிட்டு, அவர்கள் வேண்டாம் என்றதும் "இல்லை, மாறித்தான் ஆகவேண்டும்" என்பது ஏமாற்று. அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள். "மாறுவது உறுதி. எந்த வரிசையில் மாறுவது, எந்த ரேக்கிலிருந்து தொடங்குவது, யார் எந்த நேரம் என்ட்ரி போடுவது, எந்தக் குறை தீராமல் தொடங்கக்கூடாது, இதெல்லாம் நீங்கள் சொல்லுங்கள்" என்பது நேர்மையான பேச்சு. ஹார்வுட் ஆய்வைப் பின்பற்றி நார்வேயில் ஒரு காலணித் தொழிற்சாலையில் செய்து பார்த்தார்கள். 1960-ல் அதன் முடிவு வந்தது. அங்கே உற்பத்தியில் அப்படி எந்த வேறுபாடும் தெரியவில்லை. தொழிலாளர்கள் கருத்துச் சொல்ல விடப்பட்ட விஷயங்கள் அவ்வளவு முக்கியமானவை அல்ல என்பது ஒரு காரணம். இப்படிப்பட்ட பேச்சு தொழிற்சங்கம் வழியாகத்தான் நடக்க வேண்டும் என்று பலர் நினைத்தது இன்னொன்று. உங்கள் இடத்தில் சங்கம் இருந்தால் அவர்களை முதலிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். சும்மா சுற்றிவளைத்துக் கருத்துக் கேட்கும் கூட்டங்களால் ஒரு பயனும் இல்லை.

இரட்டை வேலைக்கு ஒரு முடிவுத் தேதி வேண்டும். இப்போது உங்கள் ஆட்கள் இரண்டு முறைகளின் சுமையையும் தாங்குகிறார்கள், ஒன்றின் பலனும் கிடைக்கவில்லை. நோட்டிலிருந்து நீங்கள் எடுத்த குறைகளில் முக்கியமானவை தீர்ந்ததும், ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி போய்வரும் பொருள்கள் உள்ள இரண்டு ரேக்குகள் போதும். மூன்று வாரம் நோட்டும் ஸ்கேனரும் சேர்ந்து ஓடட்டும். தினமும் இரண்டையும் ஒப்பிட்டு, எங்கே பிசகியது என்று எல்லோரும் பார்க்கட்டும். ஒத்துப்போகத் தொடங்கியதும் அந்த ரேக்குகளுக்கு நோட்டு கிடையாது. அப்புறம் அடுத்த பகுதி. கணக்கு ஒத்துப்போவதை அவர்கள் கண்ணால் பார்ப்பது, நீங்கள் நூறு முறை விளக்குவதைவிட வலுவானது.

முதல் சில வாரம் வேலை மெதுவாகும். வரிசை நீளும், ஃபோர்மேன்கள் கத்துவார்கள். இதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது உங்கள் கடமை. சொல்லாமல் விட்டால், முதல் தாமதத்துக்கே உங்கள் ஆட்கள் திட்டு வாங்குவார்கள்; அன்று சாயங்காலமே நோட்டு திரும்பி வந்துவிடும். ஆரம்ப நாட்களில் பதிவாகும் தவறுகளுக்கு யார் மீதும் நடவடிக்கை இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்மொழி உறுதி போதாது. இதற்கு முன் வந்த மாற்றங்களில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டவை என்ன ஆயின என்று அவர்களுக்கு ஞாபகம் இருக்கும். வேலை குறைந்தால் ஆளைக் குறைப்பார்களா என்ற கேள்வியும் யாராவது ஒருவர் மனதில் இருக்கும். பதில் தெரிந்தால் உண்மையைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் மேலே கேட்டுவந்து சொல்லுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று நீங்களாகச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டோர்ஸில் உள்ளது வேறு, இது வேறு. நிகோடினுக்கு உடல் அடிமைப்பட்டிருக்கிறது. விடும்போது எரிச்சல், தூக்கமின்மை, பதற்றம் எல்லாம் வரும். மன உறுதி இருந்தால் போதும் என்று அவரை விட்டுவிடாமல், நிகோடின் மாற்று மருந்துகள் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். அந்த உதவி உண்மையாகவே பலன் தரும்.

ஆனால் ஒன்று இரண்டுக்கும் பொதுவானது. நீங்கள் விடச்சொல்லி வாதாடும்போது அப்பாவுக்கு மிச்சமிருப்பது எதிர்வாதம் மட்டும்தான். அவர் வாயால் அவரே, "இத்தனை வருஷம் ஒண்ணும் ஆகலையே" என்று திரும்பத் திரும்பச் சொல்லி அதை உறுதிப்படுத்திக்கொள்கிறார். குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை அளித்துவந்த உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-ல் இதை எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்கோடு சேர்ந்து அதை ஒரு முழு ஆலோசனை முறையாக வளர்த்தார். மாறுவதற்கான காரணத்தை நாம் சொல்லக்கூடாது, அவர் வாயிலிருந்து வரவேண்டும் என்பதுதான் அந்த முறையின் உயிர். ஒரு சின்னக் கேள்வி அதில் உண்டு, செய்து பாருங்கள். "அப்பா, இதை விடுறது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள். மூன்று என்பார். "ஏன் மூணுதான்?" என்று கேட்காதீர்கள், கேட்டால் விடாமல் இருப்பதற்கான காரணங்கள் வரும். "ஏன் மூணு? பூஜ்யம்னு சொல்லலையே?" என்று கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதில், படியேறினால் மூச்சு வாங்குகிறது என்றோ பேரக்குழந்தை நாற்றம் என்கிறது என்றோ எதுவாக இருந்தாலும், அதுதான் அவருடைய சொந்தக் காரணம். அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். அறிவுரையாக எதையும் சேர்க்காதீர்கள்.

இனி மெமோ. நான் சொன்ன எல்லாம் செய்த பிறகும் ஒருவர் மறுக்கலாம். அப்போது மூன்றை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று அவருக்குத் தெளிவாகத் தெரியுமா? அதைச் செய்யும் திறனும் கருவியும் நேரமும் அவருக்கு உண்மையாகவே கிடைத்ததா? அவர் சொன்ன குறைகளுக்குப் பதில் வந்ததா, செய்ய முடியாதவை ஏன் முடியாது என்றாவது சொல்லப்பட்டதா? மூன்றுக்கும் ஆம் என்றால், அப்புறம் தயங்க வேண்டாம். ஒருவர் செய்யாமல் விடும் என்ட்ரியை மற்ற 10 பேர் தாங்குகிறார்கள். அவர்களுக்கும் நீங்கள்தான் பொறுப்பு. தனியாகக் கூப்பிட்டு, இன்ன தேதிக்குள் இன்னது நடக்க வேண்டும், நடக்காவிட்டால் இன்னது ஆகும் என்று நேராகச் சொல்லுங்கள். சொன்னதைச் செய்யுங்கள். அந்த மெமோவில் "எதிர்ப்பு மனப்பான்மை", "ஒத்துழையாமை" போன்ற சொற்கள் வேண்டாம். எந்த வேலை, எந்த நாள், எத்தனை முறை என்பது மட்டும் இருக்கட்டும்.

24 வருடம் ஒரு கிடங்கைக் காப்பாற்றியவரிடம் அந்த நிலைமை வராது என்றே நான் நினைக்கிறேன். கணக்கு ஒத்துப்போகாதது உங்களைவிட அவரைத்தான் அதிகம் உறுத்திக்கொண்டிருக்கும்.

அடுத்த வாரம் நிர்வாகக் கூட்டத்துக்குப் போவதற்கு முன் நோட்டிலிருந்து எடுத்த பட்டியலை ஒரே பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ராத்திரி அப்ரூவலுக்கு மாற்று வழி, கூடுதல் ஸ்கேனர், பழகுவதற்கு நேரம், ஆரம்பத் தவறுகளுக்கு விலக்கு என்று அதில் உள்ள ஒவ்வொன்றையும் கேளுங்கள். அவர்கள் புது முறையின் நன்மைகளை உங்களிடம் விளக்கத் தொடங்கலாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கத்தை மறுபடி மேசையில் வையுங்கள்.